பதினொரு விநாடி

பாரத்தில் இசையமைத்தவர் பெயர் என்ற இடத்தில் நாலு வரி விட்டிருந்தார்கள். நாலு எதற்கு என்று சுகிர்தாவுக்குப் புரியவில்லை. ஒரு பாட்டுக்கு நாலு பேரா உட்கார்ந்து மெட்டுப் போடுவார்கள்? ஒரே ஒரு வரி விட்டிருந்தால் போதாதா? ஒரு வரிதான் என்றால் அவள் தன் பெயரை எழுதி, பங்கு என்ற கட்டத்தில் நூறு என்று போட்டு, கொடுத்துவிட்டு இந்நேரம் பெரம்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். முதல் வரியில் அவள் பெயர் இருந்தது. ஆங்கிலப் பெரிய எழுத்தில், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அழுத்தி எழுதியிருந்தாள். அதற்குக் கீழே மூன்று வரி காலி. அவள் பெயருக்கு நேரே இருந்த பங்குக் கட்டமும் காலி. ஒன்று, பூஜ்யம், பூஜ்யம். அரை நொடி வேலை. ஆனால் பேனா அந்தக் கட்டத்துக்கு மேலே போவதும் திரும்புவதுமாக இருந்தது. டோக்கன் பதினாலு. சுவரில் சிவப்பு விளக்கில் ஒன்பது. பாட்டு எழுதுகிறவர்களுக்கும் மெட்டுப் போடுகிறவர்களுக்கும் ராயல்டி வசூலித்துக் கொடுக்கிற சங்கத்தின் ஆபீஸ் அது, நுங்கம்பாக்கத்தில் ஒரு பல் டாக்டருக்கு மேல் மாடி. கீழே துளை போடும் மிஷின் ஓடும்போதெல்லாம் அந்தச் சத்தம் இரும்பு நாற்காலியின் கால் வழியாக ஏறி அவள் முழங்காலுக்கு வந்தது. இருபத்தைந்து வருஷம் சினிமாவில் கோரஸ் பாடிய காது, எந்தச் சத்தத்தையும் சும்மா விடாது. மிஷின் பல்லைத் தொடாதபோது ஒரு சுருதி, தொட்டதும் அரைக் கட்டை இறங்குகிறது. யாருடைய பல்லோ. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, எப்போது நிறுத்துவார்கள் என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் யாரோ. அவளுக்குத் தன் கடைவாய்ப் பல் கூசியது. பத்து. விளக்கு மாறிவிட்டது. இன்னும் நாலு பேர்தான். நாலு பேர் என்றால் இருபது நிமிஷம், அல்லது பதினைந்து, ஒருத்தர் வராமல் போனால் பத்து. அதற்குள் எழுதிவிட வேண்டும். எழுதலாம். எழுதக்கூடாது என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமே. யாராவது சொல்லியிருந்தால் அவரோடு சண்டை போட்டிருக்கலாம்.

மூன்று மணிக்குள் ரசீது போக வேண்டும். காலையில் அந்தப் பெண் நிவேதிதா மறுபடி கூப்பிட்டுச் சொன்னாள். விளம்பரக் கம்பெனியில் வேலை செய்கிறவள், வயது இருபத்தைந்துகூட இருக்காது, மூச்சு விடாமல் பேசுவாள். "மேம், சோப்புக் கம்பெனிக்காரங்களுக்கு உங்க பாட்டு ரொம்பப் பிடிச்சிருக்கு மேம். முழுப் பாட்டு வேணாம், அந்த ஒரு இடம் மட்டும், பதினொரு செகண்ட். சங்கத்துல பதிஞ்ச ரசீது மூணு மணிக்குள்ள வந்துட்டா போதும், இல்லன்னா அவங்க வேற பாட்டுக்குப் போயிடுவாங்க. ஒரே ஓனர்னு எங்க வக்கீல்கிட்ட சொல்லிட்டேன். ஒரே ஓனர்தானே மேம்?" ஆமா என்றாள் சுகிர்தா. அந்த ஆமாவை யார் சொன்னது என்று இப்போது யோசித்தால் ஞாபகம் வரவில்லை. தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள், ஒரு கையில் போன், வாய் தானாகச் சொன்னது. எட்டுப் பேர் வரிசையாக நின்று பாடும்போது பக்கத்தில் நிற்பவள் மூச்செடுத்தால் தானும் எடுப்பது போல, கேட்டவளுக்கு வேண்டியதை வாய் கொடுத்துவிட்டது. அந்த ஒரு இடம். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். பாட்டின் பெயர் 'ரெண்டாம் மணி'. பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை விட்டுவிட்டு, ரெண்டாவது மணி அடிக்கிற வரைக்கும் கேட்டுக்கு வெளியே நிற்கிற அம்மா பாடுவது. வரிகள் அவளுடையவை. மகள் சின்னவளாக இருந்தபோது தினமும் அப்படி நின்றவள் அவள். பல்லவி அவளுடையது, ராயபுரத்துக்கு ஆட்டோவில் போகும்போது வந்தது. முதல் சரணம் அவளுடையது. வெளியிட்டதும் அவளேதான். பாட்டை வாங்கிக்கொண்டு எல்லா ஆப்பிலும் ஏற்றிவிட்டு, வருவதில் தனக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கிற கம்பெனிகள் இருக்கின்றன. அவர்களில் யாரிடமும் போகவில்லை. ஒலிப்பதிவுக்குப் பன்னிரண்டு எழுத்தில் ஓர் அடையாள எண் உண்டு என்று தெரிந்துகொண்டு, விண்ணப்பித்து வாங்கினாள். சொந்தப் பெயரில் ஒரு இணையப் பக்கம் போட்டாள், கேட்கலாம், பிடித்தால் முப்பது ரூபாய் கொடுத்து இறக்கிக்கொள்ளலாம். முதல் வாரம் ஒன்பது பேர். அதில் நாலு பேர் சொந்தக்காரர்கள். பிறகு எந்தப் பள்ளிக்கூடத்து அம்மாவோ எந்த வாட்ஸப் குழுவிலோ போட்டாள், அங்கிருந்து அது கரூருக்குப் போனது, தென்காசிக்குப் போனது. கரூரில் ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ், ஆண்டுவிழாவில் பாடலாமா என்று அனுமதி கேட்டு எழுதினார். அனுமதி. அந்த வார்த்தையைப் பார்த்துவிட்டு அவள் குக்கரை இறக்காமல் நின்றாள், சாதம் குழைந்து போயிற்று. இருபத்தைந்து வருஷத்தில் அவள் குரலை எடுத்துக்கொள்ள யாரும் அவளிடம் கேட்டதில்லை. பிறகு எஃப்.எம்.மில் போட ஆரம்பித்தார்கள். ரேடியோவில், மேடையில், டீவியில் ஒலித்தால் அதற்கு வசூலிப்பது இந்தச் சங்கம், அதற்குப் பாட்டை இங்கே பதிய வேண்டும், யார் எழுதினார், யார் மெட்டு, யாருக்கு எத்தனை பங்கு. எல்லாவற்றையும் தானே கற்றுக்கொண்டாள். நாலு வரிதான் கற்றுக்கொள்ளாத விஷயமாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

பன்னிரண்டு. பதினொன்று எப்போது போனது? ஒருத்தர் வரவில்லை போலிருக்கிறது. அந்த இடம், சரி, அந்த இடத்தையே எடுத்துக்கொள்வோம் என்று அவள் தனக்குள் ஒரு வக்கீல் மாதிரி ஆரம்பித்தாள். சித்திரை மாசம், மத்தியானம், பெரம்பூர் வீட்டின் பின் அறை. சுவர் முழுக்கக் கம்பளி தொங்கவிட்டு, ஜன்னலுக்கு மெத்தையை நிமிர்த்தி வைத்து, சத்தம் வரக்கூடாது என்று ஃபேனை நிறுத்தியிருந்தாள். இஸ்திரி மேஜை மேல் பாபு அண்ணனின் கீபோர்டு. பாபு அண்ணன் கழுத்தில் துண்டு, முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. பதினாறு வருஷமாகத் தெரிந்தவர். எந்த ரிக்கார்டிங்கிலும் மூலையில் உட்கார்ந்து, மற்றவர்கள் சாப்பிடப் போகும்போது கோரஸ்காரர்களுக்கு மெட்டை வாசித்துக் காட்டுகிறவர். கீபோர்டு பாபு என்றால் வடபழனியில் வாட்ச்மேன்கூடச் சொல்வான். அன்றைக்கு அவள் கூப்பிட்டதும் காசு கேட்காமல் வந்தார். ரெண்டாம் சரணத்தின் கடைசி வரி, "கொஞ்சம் நில்லு, திரும்பிப் பாத்துப் போ". அவள் போட்டிருந்த மெட்டு மேலிருந்து நேராகப் படிப்படியாக இறங்கும். நல்ல மெட்டுதான், யாரும் குறை சொல்ல முடியாது, யாருக்கும் ஞாபகமும் இருக்காது. அவர் கூடவே வாசித்துக்கொண்டு வந்தார், வரும்போது ஒரு கட்டை ஒலிக்கவில்லை. பழைய கீபோர்டு, அந்த ஒரு கட்டை செத்துப்போயிருந்தது. மேலே நி, அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் ப. இருட்டில் மாடிப்படி இறங்கும்போது இருக்கும் என்று நினைத்து வைத்த படி இல்லாமல் கால் கீழே போகுமே, அப்படி. அவளுக்கு நெஞ்சு ஒரு தரம் நின்று அடித்தது. "அது என்னண்ணே? இன்னொரு வாட்டி வாசிங்க." "கட்டை வேலை செய்யலைம்மா. சர்வீஸுக்குக் கொடுக்கணும், எங்க நேரம்?" "இல்ல, அப்படியே வாசிங்க." ஆக, அது ஒரு பழுது. வாசித்தவருக்கே அது பழுது என்றுதான் தெரியும். வேலை செய்யாத கட்டைக்கு யார் சொந்தக்காரர்? அதைப் பழுது இல்லை என்று கேட்டது யார்? அவள். கேட்டவளுக்குச் சொந்தம். காதுதானே பாட்டுப் போடுகிறது, விரல் என்ன செய்யும். வக்கீல் இந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டால் நன்றாக இருக்கும். உட்கார மாட்டேன் என்கிறான். இன்னொரு வாட்டி வாசிங்க என்று அவள் சொன்னாளே, அந்த இன்னொரு வாட்டி. அப்போது அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து, மேல் நியில் விரலை வைத்து எடுக்காமல் நின்றார். முதல் தடவை அப்படி நிற்கவில்லை. நின்று, நீட்டி, இனி விழப்போகிறோம் என்று தெரிந்து விழுகிற மாதிரி அந்த இடைவெளியை விட்டு, ப மேல் மெல்ல, பிள்ளையின் தலையில் கை வைப்பது போல இறங்கினார். அது பழுது இல்லை. அது கீபோர்டு செய்ததும் இல்லை. அந்த ரெண்டாவது தடவையைத்தான் அவள் பாடினாள், அச்சு மாறாமல் பாடினாள். கேட்கிற பெண்கள் எல்லாரும் "அந்த இடத்துல மூச்சு நின்னுடுதுக்கா" என்று எழுதுகிறார்கள். ரெண்டாவது தடவை நடக்காமலே இருந்திருக்கலாம். அப்போது பார்த்துக் கரண்ட் போயிருக்கலாம். நடந்ததா என்றுகூட, நிஜமாகவே, ஒரு வேளை அவளாகக் கற்பனை செய்துகொண்டதோ என்று யோசித்துப் பார்த்தாள், யோசிக்கும்போதே கை கைப்பையைத் தொட்டது. பையில் போன் இருக்கிறது. போனில் அது இருக்கிறது. அன்றைக்குப் பாடிப் பார்த்ததை எல்லாம் போனில் பதிந்து வைத்தாள். மூன்று நிமிஷமும் சொச்சமும். நடுவில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், "அது என்னண்ணே", அப்புறம் அவர் வாசிப்பது.

ஆனால் அவரே வேண்டாம் என்றார். ஆமாம், அதை மறந்துவிடக் கூடாது. எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் வார்த்தை மாறவில்லை: என் பேரைக்கூடப் போடாதே. ஆனி மாசம், ஞாயிற்றுக்கிழமை, அவள் கணவன் செல்வின் சோபாவில் உட்கார்ந்திருந்தான், சாட்சி உண்டு. பாபு அண்ணன் ஒரு பாரம் கொண்டுவந்தார். தெரிந்த பையன் ஒருத்தன் பாட்டை வாங்கி ஆப்பில் ஏற்றுகிற ஒரு கம்பெனியில் இருக்கிறான், கையெழுத்துப் போட்டால் போதும், "நாம பாடிட்டுப் போயிட்டே இருக்கலாம்மா, மத்ததை அவன் பாத்துப்பான்" என்றார். பதினைந்து வருஷத்துக்கு உரிமை அவர்களுக்கு என்று மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அவளுக்குக் கண்ணுக்குள் வேறொன்று வந்தது. இருபத்திரண்டு வயதில் ஒரு கேசட் கம்பெனிக்கு எட்டு அம்மன் பாட்டுப் பாடினாள். சர்ச்சில் பாடி வளர்ந்தவள் அம்மனைப் பாடினாள், மனசாரத்தான் பாடினாள். அட்டையில் வேறொரு பெயர் போட்டார்கள். ஒவ்வோர் ஆடியிலும் பெரம்பூரில் தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கியில் அவள் குரல். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது பின்னால் நின்ற அம்மா, "யாரு பாடினதோ, என்ன சாரீரம்" என்றாள். நான்தான் என்று திரும்பிச் சொல்ல வாய் வரை வந்து, அட்டையில் இருக்கிற பெயரைச் சொன்னாள். அதையெல்லாம் பாபு அண்ணனுக்கு எப்படிச் சொல்வது? "அவன் பாத்துப்பான், அவன் பாத்துப்பான்னுதானே இத்தனை வருஷம் பாடினோம்" என்றாள், குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. அவருக்குச் சுருக்கென்றது. "நீ தனியா என்னத்தைக் கிழிச்சிடப் போற?" "நான் கிழிக்கிறேனோ தைக்கிறேனோ, உங்களுக்கென்ன?" "எனக்கு ஒண்ணும் வேணாம் தாயே. என் பேரைக்கூடப் போடாதே." எழுந்தார். பின் அறைக்குப் போய், சித்திரையிலிருந்து அங்கேயே இருந்த கீபோர்டை உறையில் போட்டார். மூன்று மாடி, லிப்ட் கிடையாது. கொண்டுவந்த அன்று காலை செல்வின் ஒரு முனையைப் பிடித்து ஏற்றினான். போகும்போது யாரும் பிடிக்கவில்லை. செல்வின் அவள் முகத்தைப் பார்த்தான், அவள் ஜன்னலைப் பார்த்தாள். கீழ்ப்படி வரைக்கும் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. அதற்கப்புறம் அவரிடமிருந்து ஒரு போன் கிடையாது, இவளும் போடவில்லை, ஒன்றரை வருஷம். கோபத்தில் சொன்னது செல்லுமா? கல்யாணம் வேண்டாம் என்று கோபத்தில் சொன்னால் செல்லும், வேலை வேண்டாம் என்றால் செல்லும், பெயர் வேண்டாம் என்றால் மட்டும் ஏன் செல்லக்கூடாது? அட்டையில் அவள் பெயர் இல்லாததற்கு அந்தக் கேசட்காரரும் இப்படி ஒரு காரணம் வைத்திருப்பார். அவர் என்ன சொல்லியிருப்பார்? சின்னப் பெண், அவளுக்குப் பெயர் வேண்டுமென்று தோன்றவில்லை, அவள் கேட்கவே இல்லை. கேட்கவே இல்லை. சுகிர்தா பேனாவை மூடினாள், திறந்தாள்.

பதிமூன்று. போனை எடுத்துவிட்டிருந்தாள், எடுத்தது எப்போது என்று தெரியவில்லை. அந்தப் பதிவு திரையில் இருந்தது, தேதியோடு. அதற்குப் பக்கத்தில் குப்பைத் தொட்டிப் படம். இது ஒன்று இல்லையென்றால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. செல்வின் அன்றைக்கு மத்தியானம் வேலைக்குப் போயிருந்தான். பக்கத்து வீட்டு விசிலுக்குத் தெரியுமா? கட்டை விரல் அந்தப் படத்துக்கு மேலே நின்றது. தொட்டால், நிச்சயமா என்று போன் ஒரு தரம் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் விரல் நிற்கிறதோ என்று நினைத்தாள். அல்லது, அழித்தாலும் போகாது என்று விரலுக்குத் தெரிந்திருக்கலாம். அழித்த பிறகும் ஒவ்வொரு மேடையிலும் ரெண்டாம் சரணம் வரும், மேல் நியில் நிற்க வேண்டும், நிற்கும்போதெல்லாம் துண்டால் கை துடைத்துக்கொண்டு ஒருத்தர் சாய்ந்து உட்காருவார். இப்போது கோரஸுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. ஒரு குரலைப் பதிந்து கம்ப்யூட்டரில் எட்டாக ஆக்கிக்கொள்கிறார்கள். போன வருஷம் ஆறு தடவை, இந்த வருஷம் ஒரு தடவை. இந்த விளம்பரம் வந்தால் டீவியில் தினம் இருபது தடவை ஒலிக்கும், அடுத்த பாட்டுக்கு யார் வீட்டிலும் ஃபேனை நிறுத்த வேண்டாம், நல்ல இடத்தில் பதியலாம். இது போனால் இன்னொன்று வருமா? வராது. அவளுக்கு நாற்பத்தாறு. வருகிற வயதா? கீழே மிஷின் நின்றுவிட்டது. திடீரென்று அவ்வளவு அமைதி. அப்போதுதான் கவுண்டரில் இருந்தவர், "பதினாலு, பதினாலு யாரும்மா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பது காதில் விழுந்தது.

கவுண்டரில் கருணாகரன் என்று பெயர்ப்பட்டை குத்திய மனிதர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, பாரத்தைப் புரட்டினார். "பாட்டு, ரெண்டாம் மணி. எழுதினது நீங்க, நூறு. சரி. மெட்டு... பங்கு போடலையே மேடம். அதுவும் நூறுதானா?" பேனாவை அவரே எடுத்துக் கட்டத்தின் மேல் வைத்துவிட்டார். "சார்," என்றாள் சுகிர்தா. செருமினாள். "ஒருத்தர் தன் பேர் வேணாம்னு சொல்லிட்டா?" அவர் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "யாரு வேணாம்னு சொன்னது? மெட்டுப் போட்டவரா?" "முழுசா இல்ல சார். ஒரு இடம். பதினொரு விநாடி." சொல்லிவிட்டதும், அதுவரை யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் சொல்லிவிட்டோமே என்று திடுக்கென்றது. "விநாடிக் கணக்கெல்லாம் எங்களுக்குத் தெரியாது மேடம். கீழே உறுதிமொழி இருக்கு பாருங்க, அதுல கையெழுத்து உங்களோடது. இன்னொரு பேர் இருந்தா அவர் கையெழுத்து வேணும், அடையாள அட்டை நகல் வேணும், இன்னைக்கு ஆகாது. இல்லன்னா இப்பவே சீல் போட்டு ரசீது தர்றேன். ஒரு மணிக்கு லஞ்ச். வெளியில போய் யோசிச்சிட்டு வாங்க." பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, "நிறைய பேர் யோசிக்காம போட்டுட்டு அப்புறம் வருவாங்க. அதான் சொல்றேன்" என்றார்.

மாடிப்படித் திருப்பத்தில் கிராம்புத் தைல வாசனை அடித்தது. சுவரில் சாய்ந்து நின்று அவள் பாபு அண்ணன் எண்ணைத் தேடினாள். தேடும்போதே வாய்க்குள் ஒத்திகை. முதலில் மன்னிப்பா, முதலில் விஷயமா? அவர் திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் முழுசும் கேட்டால்? பாதி கேட்டால்? பத்திரிகைக்குப் போவேன் என்றால்? எடுக்காமலே விட்டால் நல்லது, கூப்பிட்டேன், எடுக்கவில்லை என்று ஆகிவிடும், அப்போது நூறு என்று போடலாம், போடலாமா, மூன்றாவது மணி, நாலாவது மணி, எடுக்காதீர்கள் அண்ணே, "சுகிர்தாவா? சொல்லும்மா" என்றது குரல். நேற்றுத்தான் பேசிவிட்டு வைத்தது போல. பின்னால் பிள்ளைகள் கூச்சல், யாரோ கீபோர்டில் ஒரே இடத்தைத் தட்டித் தட்டித் தப்பாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். நாவலூரில் ஓர் அபார்ட்மென்ட்டில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு வகுப்பு எடுக்கிறாராம், லீவு விட்டிருக்கிறார்களாம், காலையிலேயே கூட்டமாம். அவராகச் சொன்னார். அவள் தயார் செய்து வைத்ததெல்லாம் தலைகீழாகி, "அண்ணே, ரெண்டாம் மணில, ரெண்டாவது சரணம் முடியற இடம், அந்த இறக்கம், நீங்க வாசிச்சீங்களே" என்று நடுவிலிருந்து ஆரம்பித்தாள்.

"எது?"

"அந்தக் கட்டை வேலை செய்யாம... எங்க வீட்டுல, பின் ரூம்ல."

"அந்தக் கீபோர்டா? அதை எப்பவோ வித்துட்டேன்மா. அது கெடக்கு, பாட்டைக் கேட்டேன். வீட்டுக்காரி போன் அடிச்சா அதுதான் அடிக்குது. சண்டை போட்டோம்ல, அதனால உனக்குப் போன் பண்ணல. ஆனா அந்த இடம் சொன்னே பாரு, மேலே நின்னு, மூச்சை விட்டுட்டு, பொத்துனு எறங்குறியே... எப்படிம்மா அதைப் புடிச்சே? இங்க புள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டுவேன். சுகிர்தா மாதிரி யாருக்குடா வரும்னு சொல்வேன்."

அவள் சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். அவர் கேலி செய்கிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இல்லை. அந்தக் குரலில் கேலி இல்லை, விட்டுக்கொடுக்கிற பெருந்தன்மைகூட இல்லை. நிஜமாகவே மறந்திருந்தார். ஒரு நாளைக்கு நூறு இடம் வாசிக்கிற விரல், ஒன்றை எங்கோ உதிர்த்துவிட்டுப் போயிருந்தது. விஷயத்தைச் சொன்னாள், சோப்பு, சங்கம், பாரம், பங்கு. "அட, இதுக்கா போன் பண்ணே? எழுதிக்கம்மா. உன்னோடதுதானே" என்றார். அவ்வளவுதான். முடிந்துவிட்டது. அவரே கொடுத்துவிட்டார், இந்தத் தடவை கோபம் இல்லை, சாட்சிகூட உண்டு, போனுக்கு அந்தப் பக்கம் பத்துப் பிள்ளைகள். ரெண்டு எட்டு வைத்தால் கவுண்டர். நெஞ்சு லேசாக வேண்டும், ஆகவில்லை. இதுவரைக்கும் அந்த மத்தியானம் ரெண்டு பேரிடம் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஒருநாள் கேட்டுவிடுவார் என்ற பயம் இருந்தவரை, அந்தப் பயத்தின் மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் விட்டுவிட்டார். மெத்தை சாத்திய ஜன்னல், கம்பளி, வேர்வை, சாய்ந்து உட்கார்ந்தது, எல்லாம் அவள் ஒருத்தியிடம் வந்து சேர்ந்துவிட்டது. அவளும் மறந்துவிட்டால் அது நடக்கவே இல்லை.

"இல்லண்ணே," என்றாள். "அது நீங்க வாசிச்சது."

"எனக்கு ஞாபகம் இல்லையேம்மா."

"எனக்கு இருக்கு."

பின்னால் ஒரு பிள்ளை இன்னும் தப்பாகவே வாசித்துக்கொண்டிருந்தான். "டேய், நிறுத்து" என்றார் அவனிடம். பிறகு இவளிடம், குரல் மாறி, "நிஜமாவா?" என்றார். பரீட்சை பாஸ் என்று சொன்னதை நம்பாமல் திரும்பக் கேட்கிற மாதிரி இருந்தது. நிஜம்தான் என்றாள், பதிவு இருக்கிறது, அனுப்புகிறேன் என்றாள். அவள் பாரத்தை முழங்கால் மேல் வைத்துப் படியில் உட்கார்ந்தாள், பேனாவைத் திறந்தாள், ரெண்டாவது வரியின் முதல் கட்டத்தில் வைத்தாள். வைத்த பிறகுதான் தெரிந்தது, எழுத அவளிடம் ஒன்றுமில்லை. பாபு என்பது ஒரு பெயரா? பதினாறு வருஷம். இந்த மனிதனின் மனைவிக்கு என்ன பிடிக்கும், எந்தக் கடையில் டீ குடிப்பார், சர்க்கரை எத்தனை, எல்லாம் தெரியும். முகம் சூடாகியது. "அண்ணே, உங்க முழுப்பேர் என்ன?"

"ஏகாம்பரம். ஆதார்ல இங்கிலீஷ்ல எப்படிப் போட்டிருக்கான்னு பாக்கணும். இரு, பைக்குள்ள இருக்கு." போனை எங்கோ வைத்துவிட்டுப் போனார். காத்திருக்கும்போது இன்னொரு அழைப்பு உள்ளே வந்து கூவியது. நிவேதிதா. எடுக்கவில்லை. கூவல் நின்றதும் திரையில், மேம் ரசீது ஆச்சா என்று வந்தது. இடது கட்டை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, மெட்டு ரெண்டு பேர், அவரும் கையெழுத்துப் போட வேண்டும், இன்னைக்கு ஆகாது என்று எழுதி அனுப்பினாள். பார்த்துவிட்டாள் என்று நீல டிக் காட்டியது. எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதினாள். சாரி மேம், அப்போ வேற பாட்டுக்குப் போறோம், நெக்ஸ்ட் டைம் கண்டிப்பா. சுகிர்தா அதை ரெண்டு தரம் படித்தாள். கண்ணில் நீர் முட்டியது. அது எதற்கு என்று பார்க்க நேரமில்லை, அவர் போனை எடுத்துவிட்டார். மேலே கருணாகரன் ஷட்டரை இறக்குகிற சத்தம் கேட்டது.

"எழுதிக்கோ. பி, அது அப்பா பேரு. அப்புறம் ஈ, கே, ஏ..." அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார், அவள் கட்டத்துக்கு ஒன்றாக எழுதினாள். பங்குக் கட்டத்தை விட்டுவிட்டாள். அதை நேரில் உட்கார்ந்து பேச வேண்டும், நாளைக்கே வருகிறேன், எந்த இடம் என்று கேட்டாள்.

"நாவலூர் சிக்னல் தாண்டி ரெண்டாவது லெப்ட்டும்மா. பெரிய கேட்டு. செக்யூரிட்டிகிட்ட ஏகாம்பரம்னு கேட்டுடாதே, அவனுக்குத் தெரியாது. கீபோர்டு மாஸ்டர்னு கேளு, உள்ள விடுவான்."